நாளைக்குத் தாங்க

சிம்மக்கல்லில் இரவு பதினொன்று.
சால்வென்ட் மை நாறும் அறையில்
கொட்டாவி விடுவதுபோல்
எந்திரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது
ஆறுக்கு நாலு பேனர் ஒன்று.
யாரோ ஒரு பிள்ளைக்குக் காதணி விழா.
சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தான் அவன்.

அப்போதுதான் வந்தார்கள்,
காக்கிச் சட்டைகள் மூன்று.
"அக்கா, ஒரு கண்ணீர் அஞ்சலி.
காலையில ஏழு மணிக்கு ஸ்டாண்டுல கட்டணும்.
பத்து மணிக்குத் தத்தனேரி."

போனில் ஒரு படம்.
ஒச்சப்பன், வயது நாற்பத்தேழு, ஷேர் ஆட்டோ.
பெரியாருக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே
பத்தொன்பது வருஷம்.

படத்தைப் புது மென்பொருளில் போட்டேன்.
ஏழு விநாடி.
மாறுகண் நேரானது.
முன்பல் சந்து அடைந்தது.
காதோரத் தழும்பைக் காணோம்.
நல்ல மனுஷர்தான்,
வங்கி விளம்பரத்தில் வருகிற மாதிரி.
"நம்ம ஒச்சப்பனா இது?" என்றார்
பின்னால் நின்ற சவரிமுத்து.
"இந்தாளு வண்டியில நான் ஏற மாட்டேன்."

கவிதையும் கேட்டேன் அதனிடம்.
பத்து தந்தது, டீ ஆறுமுன்னே.
விண்ணில் கலந்த விடிவெள்ளியே,
பாசத்தின் பெட்டகமே,
காலன் பறித்த கற்பகமே.
சந்தம் பிசகவில்லை.
சந்திப்பிழைகூட இல்லை.

எனக்குத் திக்கென்றது.
எல்லாம் என் வரிகள்.
என் வரிகள் என்றால், நான் எழுதியவை அல்ல.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
விட்டுப்போன கோப்பிலிருந்து எடுத்து
பதினோரு வருஷமாய் நான் ஒட்டியவை.
கீரைக்காரிக்கும் கவுன்சிலருக்கும்
ஒரே விடிவெள்ளி.
எத்தனை பேரை வானத்துக்கு அனுப்பினேனோ,
கணக்கில்லை.
எந்திரம் என்னிடம் திருடிவிட்டது என்று சொல்லக்கூட
எனக்கு யோக்கியதை இல்லை.

நாற்காலியைத் திருப்பினேன்.
முதல் தடவையாகக் கேட்டேன்:
"ஆளு எப்படிண்ணே?"

"நல்லவரு" என்றார் ஒருவர்.
செத்தால் எல்லாரும்தான்.
"ஹாரன் அடிக்க மாட்டான்,
கையால தகரத்தத் தட்டுவான்."
"கோரிப்பாளையம் சிக்னல்ல வெள்ளரிக்கா வாங்குனா
உள்ள இருக்கவுகளுக்கும் நீட்டுவான்."
"எனக்கு நானூறு ரூவா தரணும்."
சொல்லிவிட்டுச் சவரிமுத்து
வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த பையன் சொன்னான்:
"சில்லறை இல்லேன்னா எறக்கிவிட மாட்டாருக்கா.
நாளைக்குத் தாங்கம்பாரு.
யாரு எவருன்னே தெரியாதவுககிட்டயும்.
நாளைக்குத் தாங்க."

விசைப்பலகைமேல் விரல்கள்
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன.
'ஓட்டுநர் திலகமே' என்று தானாக வந்தது ஒன்று,
பழக்கதோஷம்.
அழித்தேன்.
அடுத்ததையும் அழித்தேன்.
பிறகு:

    சில்லறை இல்லையென்றால்
    நாளைக்குத் தாங்க என்றாய்.
    நாளை வந்துவிட்டது ஒச்சப்பா.
    யாரிடம் தர?

மாறுகண்ணைத் திரும்ப வைத்தேன்.
பல் சந்தையும்.
"தழும்பு மட்டும் வேண்டாம்ல?" என்றேன்.
"வேணும்" என்றார் சவரிமுத்து.
"அது நான் குடுத்தது."

காலையில் வீட்டுக்குப் போகையில் பார்த்தேன்,
யானைக்கல் முக்கில் கட்டியிருந்தார்கள்.
பஸ்ஸுக்கு ஓடிய ஒருத்தி
நின்றாள், படித்தாள்,
பர்சைத் திறந்தாள்,
மூடினாள்,
ஓடினாள்.

"வரி நல்லாருக்கும்மா,
மாதிரிக் கோப்புல சேத்து வையி" என்றார்
முதலாளி ரபீக்.
சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ஒருவர் வந்தார்.
மூன்று லாரி வைத்திருந்தவரின் மகன்.
அந்த 'நாளை' வரியே போதும் என்றார்,
அவசரம் என்றார்.
"அது வேற ஒருத்தரோடது" என்றேன்.
டீ சொன்னேன்.
"கரண்டு போனா உங்கப்பா என்ன செய்வாரு?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.
செல்போனைப் பார்த்தார்.
பிறகு, அடக்க மாட்டாமல்,
சிரிக்க ஆரம்பித்தார்.